இருபத்தேழாவது பிள்ளை

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அத்திஓடை வனத்துறை செக்போஸ்டில் ஆள் பத்தவில்லை, காலையிலேயே வந்துவிடு என்று ரேஞ்சர் போனில் சொன்னபோது எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று வருடமாக அந்த கேட்டுக்குப் போகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல் வரும். இந்த முறை அவர் விடவில்லை.

"சிவபாண்டிக்கு நினைவுக்கல் திறக்கோம் தவசிமுத்து. நீ இல்லாம எப்படிப்பா?"

ராஜபாளையத்தில் முதல் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். மாந்தோப்புகள் முடிந்து மலை கிட்டே வரும் இடத்தில் ஒரு இரும்புத் தடுப்பு, ஒரு ஒற்றை அறை, எதிரே மைதீன் பிச்சையின் டீக்கடை. அத்திஓடை செக்போஸ்ட் அவ்வளவுதான். உள்ளே ஐந்து கிலோமீட்டர் ஏறினால் அத்திப்பாறைப் பேச்சி கோவில். பௌர்ணமி அன்று மட்டும் சனங்களை உள்ளே விடுவோம்.

"வாங்க, வாங்க. கேட்டையே மறந்துட்டியளே" என்றார் மைதீன் பிச்சை. பாய்க்கு என்னைக் கண்டதில் உண்மையான சந்தோஷம். அதனாலேயே அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

கேட்டின் ஓரத்தில் கறுப்புக் கல்லை நட்டு, மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். எட்டு மணிக்கு சிவபாண்டி அண்ணனின் சம்சாரம் மாரிச்செல்வி மதினி வந்தார். அண்ணன் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அலுவலகத்தில் ஃபைல் தூக்குகிறார். என்னைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"நல்லாருக்கியளா தம்பி? அவிய கடைசியாப் பேசுனது உங்ககிட்டதான்னு எம் மககிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன்."

நான் தலையாட்டினேன். ரேஞ்சர் துணியை விலக்கிக் கல்லில் இருந்ததை உரக்க வாசித்தார். 'காணாமல் போன குழந்தையைத் தேடிச் சென்று, பணியின்போது காட்டாற்று வெள்ளத்தில் உயிர் நீத்த வனக்காப்பாளர் சிவபாண்டி.' எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். நானும் குனிந்தேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்தக் குழந்தை காணாமல் போகவில்லை. அப்படியொரு குழந்தையே கிடையாது.

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பௌர்ணமி. கேட்டில் எண்ணுகிற வேலை எனக்கு. ஆண், பெண், பிள்ளை என்று நோட்டில் மூன்று கட்டம். ஏறும்போது ஆளுக்கு ஒரு கோடு, இறங்கும்போது ஆளுக்கு ஒரு கோடு. சாயந்தரம் இரண்டும் சரியாக இருந்தால் கேட்டைப் பூட்டுவோம். ஒன்று குறைந்தாலும் கார்டு, அதாவது வனக்காப்பாளர், மலையேறித் தேட வேண்டும். நான் அப்போது தினக்கூலி வாட்சர். எண்ணிக்கையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு கொழுப்பு இருந்தது. போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே எண்ணுவேன்.

அன்று பிள்ளைக் கட்டத்தில் ஏறியது இருபத்தேழு. இறங்கியது இருபத்தாறு.

"எண்ணிக்க தப்பாதுல்லா தவசி?" என்று கேட்டார் சிவபாண்டி அண்ணன். மலை மேல் மேகம் கட்டியிருந்தது. அவருக்கு அன்று மகள் பிறந்தநாள், சீக்கிரம் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

"நான் எண்ணுனதுண்ணே. தப்பவே தப்பாது."

"பச்சப்புள்ளய காட்டுக்குள்ள விட்டுட்டு எவன் போனானோ" என்று திட்டிக்கொண்டே வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலரை மணி இருக்கும்.

அவர் போய்ப் பத்து நிமிடம் கழித்து நான் டீக் குடிக்கக் கடைக்கு வந்தேன். பெஞ்சில் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் ஆட்டோவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கிற பெண், பெயர் இந்து. காலையில் தோளில் துண்டு போர்த்திய பிள்ளையோடு அவள் ஏறியது எனக்கு ஞாபகம் இருந்தது. இப்போது தோள் காலியாக இருந்தது.

"பிள்ளை எங்கம்மா?" என்றேன்.

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "அது மண்பிள்ளை சார். பேச்சிக்கு நேந்துக்கிட்டது. கோயில்லயே வச்சிட்டு வந்தாச்சு."

பிள்ளை இல்லாதவர்கள் பானை வனையும் வேளாரிடம் மண்ணில் ஒரு பிள்ளை செய்து வாங்கி, புதுத் துண்டில் பொதிந்து, உயிருள்ள பிள்ளையைப் போலவே தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி தூக்கிப் போவார்கள். பேச்சியிடம் சேர்க்கும்வரை கீழே இறக்கி வைக்கக் கூடாது. எங்கள் பக்கம் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். பாட்டு மும்முரத்தில் அதற்கும் சேர்த்து ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

என் வாக்கிடாக்கி கையில்தான் இருந்தது. பொத்தானை அமுக்கி, 'அண்ணே, பிள்ளை இல்லை, பொம்மை, திரும்புங்க' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதே அலைவரிசையில் ரேஞ்சர் பேசிக்கொண்டிருந்தார். செண்பகத்தோப்பு முதல் பிளவக்கல் வரைக்கும் எல்லாக் காதும் திறந்திருக்கும். தவசி பொம்மையை எண்ணினான் என்று ஆயுசுக்கும் சிரிப்பார்கள். என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் வேறு அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. ரேஞ்சர் பேசி முடிக்கட்டும் என்று நினைத்தேன். அண்ணனே தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். இன்னொரு டீ சொன்னேன். மைதீன் பிச்சை பால் காய்ச்சுகிற மும்முரத்தில் இருந்தார், எங்கள் பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. ஆட்டோ வந்து அந்தப் புருஷன் பெண்டாட்டியும் போய்விட்டார்கள்.

இருபது நிமிடம்.

பிறகு மலை மேலே இடித்தது. கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து பாறைகள் உருளுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் பொத்தானை அமுக்கினேன்.

"அண்ணே, வந்துருங்கண்ணே. தண்ணி வருது."

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "செத்த பொறு தவசி. ஓடைக்குள்ள ஏதோ புள்ள அழுற சத்தம் கேக்கு."

அதோடு சரி. இரண்டு நாள் கழித்துக் கீழ்ப்பாறை இடுக்கில் கிடைத்தார். இரண்டு கையும் நெஞ்சோடு மடங்கி, எதையோ அணைத்தபடி விறைத்திருந்தன. ஆஸ்பத்திரியில் அந்தக் கைகளைப் பிரிக்க முடியவில்லை என்று சொன்னார்கள். விசாரணையில் நான், அந்தப் பிள்ளை வேறு பாதையில் இறங்கித் தாயோடு ஊருக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் நிரந்தரமானேன்.

கல் திறந்து முடிந்ததும் ரேஞ்சர் போய்விட்டார். எண்ணுகிற வேலையை அனுசியா என்ற கார்டு பார்த்தார். கல் திறந்த வருடம்தான் தேனிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர், கறாரான பொம்பளை. மதினி ஊருக்குத் திரும்பாமல் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஐப்பசியில் இன்னும் மழை இல்லை. ஓடையில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். நல்ல வெயில்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் சனங்கள் இறங்கத் தொடங்கினார்கள். ஒரு பெரியம்மா கேட்டில் நின்று அனுசியாவிடம் சொன்னாள்.

"மேல ஓடைல நிக்க கார்டுக்கு ஒரு துண்டு குடுத்து விடுங்கம்மா. பாவம், தெப்பமா நனைஞ்சு நிக்காரு."

அனுசியா நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "மேல நம்ம ஆளு யாரும் இல்லையே?"

"இருக்காரே. போறவுக வாறவுக கிட்டல்லாம், ஒரு பச்சப்புள்ளயப் பாத்தியளான்னு கேக்காரு."

அனுசியா என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் யாராச்சும் ஒருத்தர் இப்படிச் சொல்றாங்க சார். நான் எதுலயும் எழுதுறதில்ல."

திரும்பினால் மதினி எழுந்து நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. அவர் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, அவிய இன்னும் தேடிக்கிட்டா இருக்காக?"

"சனங்க எதையாச்சும் சொல்லுவாக மதினி."

"அந்தப் புள்ளதான் அன்னைக்கே கெடைச்சிருச்சே. அத அவியகிட்ட யாருமே சொல்லலையா?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போய்ச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா கேப்பாக. மூணு வருசமா ஒரு மனுசன் ஈரத்துலயே நிக்க முடியுமா?"

என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மூன்றரை மணி. எதிரே இறங்கி வந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியாக வந்த குடும்பம் என்னைத் தாண்டிப் போனதும் பாதையில் நான் மட்டும்தான். அதுவரை காது கிழியக் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஓடைத் திருப்பத்தில் சட்டென்று நின்றன. வெயில் மரங்களின் மேல் இருந்தது, கீழே வரவில்லை. காற்றில் ஈரக் களிமண் வாசனை வந்தது. வேளார் வீட்டு முற்றத்தில் அடிக்குமே, அந்த வாசனை. அதோடு நனைந்து காயாத காக்கித் துணியின் முடை நாற்றம்.

ஓடை காய்ந்து கிடந்தது. வெள்ளைப் பாறைகள், சருகு, நடுவில் ஒரு கோடாக ஒழுகும் தண்ணீர். நான் பாறை மேல் நின்று கேட்டேன்.

சளக்.

நனைந்த பூட்ஸ் காய்ந்த பாறையில் படுகிற சத்தம்.

சளக். சளக்.

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி தானாக உயிர் பெற்று இரைந்தது. இரைச்சலுக்குள்ளே அந்தக் குரல். எந்த மாற்றமும் இல்லாத, பொறுமையான குரல்.

"தவசி. ஏறுனது இருபத்தேழு. இறங்குனது இருபத்தாறு. சரிதானல?"

சளக் சத்தம் வந்த பக்கம் திரும்பினேன்.

பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு தெரிந்தது. குனிந்து ஒவ்வொரு பாறை இடுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் நின்ற பாறை நனையவில்லை.

"அண்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் திரும்பவில்லை. தேடுவதை மட்டும் நிறுத்தினார்.

"வந்துட்டியால. புள்ள கெடைச்சிருச்சா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்தக் காட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. சிரிக்க ஆளில்லை, ஃபைல் இல்லை, ரேஞ்சர் இல்லை. 'பிள்ளையே இல்லண்ணே, நான்தான் தப்பா எண்ணிட்டேன், தெரிஞ்சும் உங்களக் கூப்பிடல' என்று நாலு வார்த்தை பேசியிருந்தால் அந்த மனிதர் தேடுவதை விட்டிருப்பார். செத்தவரிடம்கூட எனக்கு மானம் பார்க்கத் தோன்றியது. மூன்று வருடம் சொல்லிப் பழகிய பொய் நாக்கில் தயாராக இருந்தது.

"கெடைச்சிருச்சுண்ணே. வேற பாதைல இறங்கி அம்மா கூடப் போயிருக்கு. நீங்க போங்கண்ணே."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிய மனிதனின் மூச்சு.

"அப்படியா. நல்லது."

மெல்லத் திரும்பினார்.

முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் நெஞ்சைத்தான் பார்த்தேன். இரண்டு கையும் மடங்கி அணைத்திருந்தன. உள்ளே ஈரத் துண்டில் பொதிந்த ஒன்று. துண்டின் நுனியிலிருந்து சேறு சொட்டியது.

"அப்ப இது யாருல?"

துண்டு அசைந்தது.

"ஓடைக்குள்ள அழுதுகிட்டுக் கெடந்துச்சு. இதுதான்னு நெனச்சேன். இதக் கேட்டு யாரும் வரல, வேற புள்ளையோன்னு இம்புட்டு நாளும் தேடிக்கிட்டு நிக்கேன்." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "பிடி. கீழ கொண்டு போ. கணக்க முடி."

அவர் நீட்டினார். அண்ணன் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பழகிய கை, தானாக நீண்டது.

முதலில் மண்ணின் கனம். சில்லென்ற, செத்த கனம். அது நெஞ்சில் பட்டு, மெல்ல மேலே ஏறி, இடது தோளில் தலை சாய்த்தது. பிறகு ஒரு சின்னக் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

நான் கண்ணைத் திறந்தபோது ஓடையில் யாரும் இல்லை. என் கையிலும் ஒன்றும் இல்லை. சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

தோள் மட்டும் கனத்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஓடினால் அது சிணுங்கியது. மெதுவாக நடந்தால் அடங்கியது. எனக்குத் தெரியாமலே என் வலது கை அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

கேட்டில் அனுசியா நோட்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

"நல்லவேளை சார். எல்லாரும் இறங்கியாச்சுன்னு நினைச்சேன். யார் விட்டுட்டுப் போன பிள்ளை இது? நல்லா தூங்குது." பிள்ளைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். "ஒண்ணு கூடுதே" என்றார்.

அவர் எதற்கும் பயப்படாத ஆள். நோட்டிலிருந்து நிமிர்ந்து என் தோளை இரண்டாம் முறை பார்த்தார். பேனா கீழே விழுந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார்.

மதினி கல்லின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அவருக்கு அது வெறும் தோளாகத் தெரியவில்லை. அவர் கண் எதையோ பார்த்து நின்றது.

"யாரு புள்ள தம்பி இது?"

சொன்னேன். டீக்கடைப் பெஞ்சு, மண்பிள்ளை, வாக்கிடாக்கி, இரண்டாவது டீ, எழுதிக் கொடுத்த பொய், சற்று முன் ஓடையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். மைதீன் பிச்சை கடையை விட்டு வந்து நின்றுவிட்டார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

"இருபது நிமிசம்" என்றார் மதினி.

"ஆமா மதினி."

"அவிய ஓடைக்குள்ள நிக்கும்போது நீ டீ குடிச்ச."

"ஆமா."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. காலில் விழக் குனிந்தேன். தோளில் இருந்தது சரிந்து சிணுங்கியது. மதினி பதறி ஒரு கையை நீட்டி, பிறகு அந்தக் கையை இழுத்துக்கொண்டார்.

"நிமிரு. கீழ எறக்கிறாத." அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. "அவிய சாகும்போதுகூட எறக்கல."

அவ்வளவுதான் பேசினார். இன்றுவரை வேறு பேசவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு ரேஞ்சரிடம் கொடுத்தேன். விசாரணை நடக்கிறது. வேலை போகும் என்கிறார்கள். போகட்டும். நினைவுக்கல்லில் குழந்தையைப் பற்றிய வரியை மட்டும் உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். அண்ணன் பெயர் இருக்கிறது. பணியின்போது என்ற சொல் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பௌர்ணமிகளில் நனைந்த கார்டை யாரும் பார்க்கவில்லை என்று அனுசியா போனில் சொன்னார். அண்ணன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

போன வாரம் விசாரணைக்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் போனேன். காலை பத்து மணி, நிற்க இடமில்லாத கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. கைப்புள்ளய வச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்பீக?"

நான் உட்கார்ந்தேன்.